அலுங்காமல் குலுங்காமல்

"நீ வண்டி மாடு ஓட்டத்தான் லாயக்குய்யா" என்று அம்மா பின் இருக்கையிலிருந்து சொன்னபோது, அதை என் ஓட்டும் திறமை குறித்த விமரிசனமாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு சாலையின் மீதான விமரிசனமாக மாற்றிக்கொண்டு, ஒப்பந்தக்காரர்களைத் திட்டினேன். காரைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தசரா நெரிசல் ஓய்ந்தபின் ஒருமுறை குலசை முத்தாரம்மனைப் பார்த்துவருவது எங்கள் குடும்ப வழக்கம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே கடலை ஒட்டி இன்னும் 13 கிலோமீட்டர் போனால் குலசேகரன்பட்டினம். ஊர்க்காரர் வாயில் குலசை. கார் பன்னிரண்டு வயதானது. அம்மா எழுபதைத் தாண்டியவர். ஐப்பசி மழை சற்று முன்தான் விட்டிருந்தது. திருச்செந்தூரைத் தாண்டிய ஒரு வளைவில் சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். காரின் முகம் தரையை நோக்கிக் கவிழ்ந்தது, பின்பக்கம் தூக்கிக்கொண்டது. நிற்க வேண்டிய இடம் என்று என் கால் அறிந்து வைத்திருந்த இடத்தைத் தாண்டி, ஒரு வண்டி நீளம் வழுக்கிப்போய் நின்றது. ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைநடுக்கம் நிற்க எனக்கு வெகுநேரமாயிற்று.

சாமி கும்பிட்டுவிட்டு, கருப்பட்டி வாங்கும் சாக்கில் உடன்குடிக்குப் போய், சாலையோர வேப்பமரத்தடியில் இருந்த பட்டறை ஒன்றில் காரைக் காட்டினேன். மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். முன்பக்க மட்காட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தி, சட்டென்று விட்டார். கார் எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது, மறுபடி தாழ்ந்தது.

"தோணி மாரி ஆடுதுல்லா. ஷாக்கப்சர் போயி ரொம்ப நாளாச்சு தம்பி. நீங்க பழகிட்டீங்க. பின்னால இருக்குற அம்மைக்குத்தான் பழகல."

ஓட்டுபவன் பழகிக்கொள்கிறான், பின்னால் அமர்ந்திருப்பவர் சுமக்கிறார். ஊர் திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. சாலையின் அதிர்வு ஒருபோதும் இல்லாமல் போவதில்லை. யாரோ, அல்லது ஏதோ ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது. இதுவரை யார் யார் வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னோக்கிப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கரை உப்புக் கரை. தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரி வரை வெள்ளைப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். உப்பு வண்டி என்றதும் சங்க இலக்கிய வாசகருக்கு உமணர் நினைவுக்கு வருவர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ எடுத்துக்கொண்ட உவமை ஓர் உதிரிபாகம். இளங்காளைகள் நுகத்துக்குப் பழகாதவை; வண்டியில் பாரம் மிகுதி; வழியில் எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் என்ன நேரும் என்று சொல்ல முடியாது. எனவே உமணர், ஓடும் அச்சுக்குக் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்படுகிறார்கள். சேம அச்சு என்பது அதன் பெயர். இளவரசனை ஸ்டெப்னியோடு ஒப்பிட்ட கவி உலக இலக்கியத்தில் வேறு யாரும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அந்தப் பாடலின் கவலை முழுவதும் அச்சைப் பற்றியது. வண்டியில் உட்கார்ந்திருந்தவரின் இடுப்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது. வில் இல்லாத கட்டை வண்டியில் சக்கரத்தின் இரும்புப் பட்டாவிலிருந்து வட்டைக்கும், ஆரக்காலுக்கும், குடத்துக்கும், அச்சுக்கும் ஏறும் அதிர்வு, வழியில் எங்கும் தணியாமல் நேரே பாரத்தில் போய் முடிகிறது. பாரம் உப்பாக இருந்தால் அதற்கு வலிப்பதில்லை. மனிதராக இருந்தால் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளத்தை விரித்தார்கள். நம் தாத்தாக்கள் காலம் வரை அதுதான் ஏற்பாடு. மீதி அடியைக் காளையின் கழுத்தும் அச்சின் மரமும் பகிர்ந்துகொண்டன.

அலுங்காமல் குலுங்காமல் போக வசதி படைத்தவர்களுக்கு வேறு வழி இருந்தது. குலசேகரன்பட்டினம் பாண்டியன் குலசேகரனின் பெயரைத் தாங்கிய ஊர். மாறவர்மன் குலசேகரன் ஆண்டது 1268 முதல் 1308 வரை. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் இங்கிருந்து ஒரு நடைத் தொலைவு வடக்கே. அரேபியக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கரை இது. ஆயினும் மேன்மக்கள் உடம்பு நோகாமல் செல்ல விரும்பியபோது குதிரையைத் தேடவில்லை, பல்லக்கைத்தான் தேடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் அதையே செய்தார்கள். தங்கல்தோறும் தூக்கிகளை மாற்றிக்கொண்டு இரவிரவாகப் பயணம் செய்தார்கள். கரடுமுரடான தரையில் பல்லக்கு ஏன் குலுங்குவதில்லை என்பதற்கு விடை எளியது: தூக்குபவனுக்கு முழங்கால் இருக்கிறது. பள்ளத்தில் கால் இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது, தசை இறுகி அந்த அடியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, தோள் அதே உயரத்தில் நிற்கிறது. வில்லும் தணிப்பானும் சேர்ந்து செய்யும் வேலையை மனித உடம்பு செய்தது.

திருக்குறளின் 37ஆம் குறள் சிவிகை பொறுத்தவனையும் அதில் ஊர்பவனையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. பரிமேலழகர் அதில் அறத்தின் பயனை நேரில் கண்டுகொள்ளலாம் என்று உரை செய்தார். அந்த ஏற்றத்தாழ்வை அறத்தின் பெயரால் நியாயப்படுத்த வேண்டாம் என்று வள்ளுவர் சொல்வதாகக் கொள்வோர் இன்று உண்டு. உரைச் சண்டைக்குள் நுழையும் தகுதி எனக்கில்லை. மேலே இருப்பவன் குலுங்காமல் இருப்பதற்கும் கீழே இருப்பவன் முழங்கால் தேய்வதற்கும் உள்ள உறவை ஒன்றே முக்கால் அடியில் வைத்த பார்வையை மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறேன்.

இதோடு ஒட்டிய ஒரு தகவல். காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஆடும்படி பொறியாளர்கள் அமைக்கிறார்கள். நாம் சாதாரணமாக நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்கு அது அருகில் இருக்கிறது. அதைவிட மெதுவாக ஆடினால் கப்பலில் போவதுபோலக் குமட்டும். நொடிக்கு 4 முதல் 8 முறை அதிர்ந்தால் முதுகெலும்பும் வயிறும் அவதிப்படும். அதாவது, இத்தனை கணக்குகள் போட்ட பிறகும் கார் செய்ய முயல்வது நடக்கும் மனிதரின் அசைவைத்தான். பல்லக்குத் தூக்கியின் நடையையும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த நீள்வட்ட வில்லைக் குதிரை வண்டிக்குப் பொருத்தினார். அந்த வில் கப்பலேறி நம் ஊர் மாட்டு வண்டிக்கு வந்தபோது தமிழ் அதற்கு ஒரு அழகான பெயரைக் கொடுத்தது: வில்வண்டி. அம்பு எய்யும் வில்லைப் போலவே வளைந்து, பாரம் ஏறும்போது நிமிர்ந்து, பாரம் நீங்கியதும் மறுபடி வளைந்துகொள்ளும் பட்டை. தென்மாவட்டத்துப் பழைய குடும்பங்களில் வில்வண்டி வைத்திருந்ததைச் சொல்லும் தொனியில் இன்றும் ஒரு மிதப்பு உண்டு. அது சும்மா வந்ததில்லை. யார் நடக்கலாம், யார் வண்டியில் போகலாம், எந்தத் தெருவில் போகலாம் என்பதெல்லாம் கண்டிப்பான விதிகளாக இருந்த காலம் அது.

இங்கே கரையோடு தெற்கே போய்க் குமரி முனையைச் சுற்றிக்கொண்டு, அன்றைய திருவிதாங்கூருக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது. விழிஞ்ஞம் துறைக்கு அருகில் வெங்ஙானூர் என்ற ஊர். 1863இல் அங்கே பிறந்தவர் அய்யன்காளி. அவர் பிறந்த புலையர் சமூகத்தார் பொதுச் சாலையில் நடப்பதற்கே தடை இருந்தது. 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். தலைப்பாகையும் நல்ல உடையும் அணிந்து, அந்த வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். மலையாளத்தில் அது வில்லுவண்டி யாத்திரை என்றே வரலாற்றில் நிற்கிறது. நடந்தே போயிருந்தாலும் அது கலகம்தான். கட்டை வண்டியில் போயிருந்தாலும் கலகம்தான். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது வில் வைத்த வண்டி. குலுங்காமல் போகும் உரிமையையும் சேர்த்தே கேட்டார் என்று நான் வாசிக்கிறேன். பட்டை வில் எத்தனையோ வாகனங்களைத் தாங்கியிருக்கிறது. இதைவிடப் பெரிய சரக்கை அது சுமந்ததாகத் தெரியவில்லை.

பட்டை வில்லில் ஒரு மறைவான நன்மை இருந்தது. வில் ஓர் அடியை வாங்கினால் அதை விழுங்கிவிடுவதில்லை; கடனாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அமுங்கிய வில் எழும்பும், எழும்பிய வேகத்தில் நிலையைத் தாண்டும், மறுபடி அமுங்கும். இந்த ஊசலை நிறுத்த ஏதாவது வேண்டும். பட்டை வில்லில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் அந்த உராய்விலேயே ஊசல் ஓரளவு அடங்கிவிடும். மாட்டின் வேகத்துக்கும் குதிரையின் வேகத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. மோட்டார் வந்து வேகம் கூடியதும் போதாமல் போயிற்று. அந்த உராய்வும் நிலையானதில்லை: துரு பிடித்தால் வில் விறைத்துக்கொள்ளும், மசகு போட்டால் துள்ளும்.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரான்சில் த்ருஃபோ என்பவர், கத்தரிக்கோல்போல விரிந்து சுருங்கும் இரண்டு கைகளின் மூட்டில் உராயும் தட்டுகளை வைத்து ஒரு கருவி செய்தார். எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்க் கார்களில் மாட்டி விற்றார். அதன் குறை, உராய்வுக்கு ஒரே குணம் என்பது. சிறு குலுக்கலுக்கும் பெரும் குலுக்கலுக்கும் அது ஒரே முரட்டுத்தனத்தைக் காட்டும். எண்ணெய் அப்படியில்லை. சிறு துளை வழியே எண்ணெயை மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். மெல்லக் கேட்டால் இணங்கி, அதட்டினால் மறுக்கும் இந்தக் குணத்தைப் பயன்படுத்திய ஹூடெயில் வகைத் தணிப்பான்கள் 1927இன் இறுதியில் வெளிவந்த ஃபோர்டு 'ஏ' காரில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தன. அன்றுவரை ஆடம்பரமாக இருந்தது எளிய குடும்பத்தின் காருக்கும் வந்துசேர்ந்தது.

(பெயர் பற்றி ஒரு முறையீடு. ஷாக் அப்சர்பர், அதிர்வு உறிஞ்சி என்பதெல்லாம் தவறான பெயர்கள். அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும். இந்தக் குழாய் செய்வது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கி, அந்த ஆற்றலைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவது மட்டுமே. கரடான சாலையில் நெடுநேரம் ஓடிய காரின் ஷாக்கைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான். 'தணிப்பான்' என்பதே சரியான சொல். ஆனால் உடன்குடிப் பட்டறையில் போய்த் தணிப்பானை மாற்றுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை.)

அதிர்வை வெல்ல வண்டியை இளக்குவது ஒரு வழி. பாதையையே மழுமழுவென்று ஆக்கிவிடுவது இன்னொரு வழி. குலசை இரண்டாவது வழியையும் பார்த்த ஊர். இவ்வூருக்குப் பின்னால் கிடப்பது குதிரைமொழித் தேரியின் செம்மணல். வண்டிச் சக்கரத்தைக் குடம் வரை விழுங்கக்கூடிய மணல். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் இருந்த கிழக்கிந்திய டிஸ்டிலரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ் கம்பெனி இங்கே பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை காய்ச்சும் ஆலையை நடத்தியது. அதற்காக இரண்டடி அகலத்தில் ஒரு சிறு ரயில் பாதையும் போட்டது. திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே பனங்காடுகளினூடே அது ஓடியது. சரக்கோடு சனங்களும் அதில் ஏறிப் போனார்கள். 1940 அளவில் அது நின்றுபோயிற்று, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை 1923இல் வந்த ரயில் பாதை நிலைத்தது. குலசைக்கு ரயில் திரும்ப வரவில்லை. மணலின் மேல் மறுபடி மாட்டு வண்டி, பிறகு பஸ், பிறகு கார். 2024 பிப்ரவரியில் இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். விண்வெளிக்குப் போகும் வழியை இனி இந்த ஊர் அறியும். ஊருக்குள் வர, நான்கு ஸ்பிரிங்குகளையும் நான்கு எண்ணெய்க் குழாய்களையும் நம்பித்தான் வரவேண்டும்.

நம் நாட்டுக் குடும்பக் காரின் கதை வில்வண்டியின் நேர் வாரிசாகத்தான் தொடங்கியது. அம்பாசடரின் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகள், பின்புறத்தில் பட்டை வில். பிற்காலத்தில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டிலும் பின்புறம் பட்டை வில்தான். 1961 முதல் நம் மதராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின்பக்கப் பட்டை வில் காரின் குறுக்கே கிடந்தது. அதே 1961இல் பம்பாயில் கேப்ரியல் இந்தியா தொடங்கப்பட்டு, ஷாக் அப்சர்பர்கள் இங்கேயே உருவாகலாயின. (கேப்ரியல் என்பது தேவதூதனின் பெயர். அமெரிக்காவில் இருந்த அதன் மூல நிறுவனம் முதலில் செய்தது கார் ஹாரன். தேவதூதன் ஊதும் எக்காளத்திலிருந்து வந்த பெயர் அது. அதிர்வை அடக்கும் தொழிலுக்கு அது பிற்பாடுதான் வந்தது. நம் சாலைகளில் முதல் தொழில்தான் இன்னும் செழிப்பாக நடக்கிறது.)

அந்தக் கார்களில் ஷாக் தேய்ந்தால் துள்ளும், அம்மா திட்டுவார், அப்பா "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். பின்புறத்திலாவது பட்டைகளின் உராய்வு கொஞ்சம் கை கொடுத்தது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதியின் முன்புறத்தில் இருந்தது வேறு அமைப்பு. மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரைத் தாங்கிய ஸ்ட்ரட். அதில் தணிப்பான் தனிக் கருவியாகத் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சுருள் ஸ்பிரிங்கைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவே அது இருக்கிறது. அதன் உச்சியைப் பற்றிக்கொண்டுதான் சக்கரம் திரும்புகிறது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பட்டை வில்லைப் போல உராய்வு கிடையாது. விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்றைய சிறு கார்களில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஒரு டம்ளர் அளவு எண்ணெய் கசிந்துபோனால், ஊசலைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. சக்கரம் சாலையை விட்டுக் கணக்கற்ற முறை நொடிப்பொழுது எழும்பி எழும்பி விழுகிறது. தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. நனைந்த சாலையில் அந்த ஆட்டு மந்தைக்கு முன்னால் எனக்கு நேர்ந்தது அதுதான். இது சொகுசு பற்றிய விஷயம் என்று பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

கெட்டுப்போவது ஒரே நாளில் நடந்தால் யாரும் கவனிப்பார்கள். இது மயிலிறகின் எடை போலக் கூடுவது. மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வண்டியை வைத்தே சொல்லியிருக்கிறார். 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் ஓடியதும் பார்த்துவிட வேண்டும் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. தேரி மணலும், உப்புக் காற்றும், எண்ணெழுத்துத் தெரியாதவர் எண்ணி முடிக்காத வேகத்தடைகளும் உள்ள வட்டாரத்தில் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

பார்ப்பது எப்படி என்று அண்ணாச்சி எனக்குக் காட்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். மூலையை அழுத்திவிட்டால், ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் சந்தேகம். ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது என்றார். கையால் அழுத்தும் வேகம் வேறு, சாலை அடிக்கும் வேகம் வேறு. அடுத்து என் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்துத் தடவச் சொன்னார். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மேடும் பள்ளமுமாக, அலையடித்த மணல்போல் இருந்தது.

"குதிச்சுக் குதிச்சுத் தின்னுருக்கு, பாத்துக்கிடுங்க. இது டயரோட குத்தமில்ல."

பிறகு காருக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். பின்பக்க ஷாக் இரண்டும் எண்ணெயில் நனைந்து, புழுதி ஒட்டிச் சேறாக இறுகியிருந்தன. மேல்முனையில் லேசான ஈரப் படலம் இருந்தால் கவலை இல்லையாம். வழிந்து இறங்கியிருந்தால் கதை முடிந்தது. வேகத்தடையில் 'டொக்' என்று கேட்டால் ஷாக்கையே குற்றம் சொல்லிவிடக் கூடாது, ரப்பர் புஷ்ஷோ ஸ்ட்ரட்டின் தலைமேல் உள்ள மவுண்டோ போயிருக்கலாம். பிரேக் போட்டால் முகம் கவிழ்வது, வளைவில் ஒருபக்கம் சாய்ந்தே கிடப்பது, எதிரே லாரி கடந்தால் கார் அலைபாய்வது, இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் மேலும் கீழும் துள்ளுவது எல்லாம் எனக்கு நேர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சாலை, காற்று, லாரிக்காரர், என் வயது.

முன்னால் இரண்டை மட்டும் இப்போது மாற்றினால் போதாதா, அதிலும் வலதுபக்கம் பரவாயில்லை போலிருக்கிறதே என்று பேரம் பேசிப் பார்த்தேன். "ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்டு நடப்பீங்களா தம்பி" என்றார். ஓர் அச்சில் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று இறுக்கி ஒன்று நெகிழ்ந்தால், அவசரத்தில் மிதிக்கும்போது கார் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். பழையதைத் துளைபோட்டு எண்ணெய் நிரப்பி அடைத்துத் தரும் ஆட்கள் உண்டே என்றும் கேட்டேன். உள்ளே அழுத்தத்தில் காற்று இருக்கும் குழாயைத் துளைப்பதும் சுடுவதும் உயிரோடு விளையாடுவது என்றார். வால்வு தேய்ந்தது எண்ணெய் ஊற்றினால் வளராது என்றும் சொன்னார்.

பாகங்கள் தூத்துக்குடியிலிருந்து வர ஒருநாள் ஆயிற்று. அந்த இரவு உறவினர் வீட்டில் தங்கினோம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். மறுநாள் காலை நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். காரை ஜாக்கியால் தூக்கி, அதை நம்பாமல் அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் அதைப் பிரித்துவிட்டு, ஸ்ட்ரட்டை முழுதாக வெளியே எடுத்தார். பிறகு சுற்றி நின்ற பையன்களை எட்டிப் போகச் சொன்னார். ஸ்பிரிங்கின் இருபுறமும் திருகுக் கவ்விகளை மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்கி, ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்துவிட்டதை விரலால் ஆட்டிப் பார்த்த பிறகே உச்சி நட்டில் ஸ்பானரை வைத்தார். அமுங்கிய ஸ்பிரிங் கவ்வியிலிருந்து நழுவினால் முகத்தைப் பெயர்த்துவிடும். இந்த இடத்தைக் காணொளி பார்த்து வீட்டில் செய்யலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெளியே வந்த பழைய தணிப்பானின் தண்டை என்னிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. போனது போனபடி கிடந்தது. புதியதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை மெல்ல அழுத்தி இழுத்து, உள்ளிருந்த காற்றுக் குமிழை வெளியேற்றினார். பிறகு அழுத்திவிட்டு விட்டபோது, நைட்ரஜன் அழுத்தத்தால் தண்டு தானாக, அவசரமின்றி, தூக்கத்திலிருந்து எழுபவரைப் போல எழுந்து வந்தது. எண்ணெய் நுரைத்துப்போகாமல் இருக்கவே அந்த நைட்ரஜன். பளபளக்கும் அந்தத் தண்டில் குறடு படக்கூடாதாம். ஒரு கீறல் போதும், ஒவ்வொரு அசைவிலும் எண்ணெய்ச் சீலை அறுத்துக் கசியவைக்கும். மவுண்டையும், அடிதாங்கி ரப்பரையும், தூசிக் குழாயையும் சேர்த்தே மாற்றினார். பின்பக்க ஷாக்குகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்காமல், சக்கரங்களை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் அதன் மேல் உட்கார்ந்த பிறகே இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

"நேரா திருநெவேலி போயி சக்கர அலைன்மென்ட் பாத்துருங்க. இல்லன்னா புது டயரும் ஒருபக்கமா தின்னுட்டுப் போயிரும்."

அவர் வேலையெல்லாம் முடிந்து குனிந்த நிலையிலிருந்து எழுந்தபோது, ஒரு கையை மட்காட்டில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, மூன்று தவணையாக எழுந்தார். முப்பத்தைந்து வருடம் கார்களுக்கு அடியில் குனிந்த முழங்கால். "இதுக்கு ஸ்பேர் கெடையாதுல்லா" என்று சிரித்தார்.

மாலையில் புறப்பட்டோம். அதே கிழக்குக் கடற்கரைச் சாலை, அதே வேகத்தடைகள், முந்தைய நாளின் மழைத் தண்ணீர் தேங்கிய அதே பள்ளங்கள். திருச்செந்தூரை நெருங்கும்வரை பின்னால் பேச்சே இல்லை. உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். கோபுரம் தெரியும்போது அம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக் கேட்டார்:

"ஏன்யா, புது ரோடு போட்டுட்டானுவளா?"